பால் கொடுத்தால் வலிக்குமா: அம்மா சொல்வதும் அக்கா சொல்வதும்

நீங்கள் எட்டு மாதக் கர்ப்பம். "அதெல்லாம் வலிக்காது, தானாக வந்துவிடும்" என்கிறார் உங்கள் அம்மா. அக்காவோ, குழந்தை சிணுங்கத் தொடங்கினாலே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இருவரில் யார் சொல்வது நிஜம், எனக்கு வலித்தால் தாங்குவேனா, இப்போதே ஏதாவது செய்துவைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். வலிக்குமா என்பது மேலே தெரிகிறது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: வலித்தால் அது என் குறையா, தாங்க முடியாவிட்டால் நான் மோசமான தாயா? முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். இந்த இரண்டுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை, இல்லை.

நான் டாக்டர் இல்லை. பிரசவ வார்டில் 22 ஆண்டுகளாக நர்ஸ். அதில் பின்பாதி முழுக்க, பிரசவமான தாய்மார்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பால் கொடுக்க உதவுவதுதான் வேலை. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் வலி இருக்கிறவர்கள். சிக்கலே இல்லாமல் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து "சிஸ்டர், எனக்கு வலிக்கவே இல்லை" என்று சொல்வதில்லை. பல் டாக்டரைக் கேட்டால் உலகத்தில் எல்லோருக்கும் சொத்தைப்பல் என்பார். என் கணக்கும் அப்படிக் கொஞ்சம் சாய்ந்த கணக்கு. அதனால் நான் கண்ணால் பார்த்தது எது, ஆய்வுகளில் உறுதியானது எது, மருத்துவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருப்பது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

ஆமாம், முதல் சில நாட்கள் நிறைய பேருக்கு வலிக்கும், அல்லது தொட்டாலே கூசும். சீக்கிரமே பால் கொடுப்பதை நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணங்களில் காம்பு வலி முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆரம்ப வலி பெரும்பாலும் தானே இறங்கிவிடும். காம்பு வலிக்குப் போடும் களிம்பு, ஜெல் பட்டை போன்றவற்றைச் சோதித்த ஆய்வுகளை 2014-இல் வெளியான ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு அலசியது (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுப் பார்க்கும் அமைப்பு காக்ரேன்). எதைப் போட்டாலும் சரி, எதையுமே போடாவிட்டாலும் சரி, பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவமாகி 7 முதல் 10 நாளுக்குள் வலி லேசாகிவிட்டது. உங்கள் அம்மா எத்தனையோ வருடத்துக்கு முந்தைய அந்தப் பத்து நாளை மறந்திருக்கலாம். இல்லையென்றால் அவருக்கு நிஜமாகவே வலிக்காமல் இருந்திருக்கலாம், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அக்கா பட்டது பத்து நாளில் போகாத வலி என்று நினைக்கிறேன். அது வேறு ரகம்.

வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் எவ்வளவு வலிக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்போது வலிக்கிறது என்று கேட்பேன். குழந்தை கவ்வும் அந்த நொடியா, குடிக்கிற நேரம் முழுக்கவா, குடித்து விட்ட பிறகா, குடிக்காத நேரத்திலா? ஒருவர் தாங்குகிற வலியை இன்னொருவர் தாங்கமாட்டார், அளவைக் கேட்டால் எனக்கு எதுவும் விளங்காது. நேரத்தைக் கேட்டால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

கவ்வியவுடன் சுருக்கென்று ஒரு வலி, மெல்ல இருபது முப்பது எண்ணுவதற்குள் அடங்கிவிடுகிறது, மீதி நேரம் இழுப்பது மட்டும் தெரிகிறது, வலி இல்லை. இது சாதாரணம். அதுவரை யாரும் இப்படி இழுத்துப் பார்க்காத தோல் அது. குழந்தை வாய்க்குள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கித்தான் பாலை இழுக்கிறது. பால் இறங்கி வரும்வரை அந்த இழுப்பு முழுதும் காம்பின் மேல் விழும். பால் பாயத் தொடங்கியதும் இழுப்பு தளர்ந்து வலியும் அடங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பிறகு குறையும். அந்த நேரத்தில் தோளை இறக்கிவிட்டு மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்வேன். பிரசவ வலிக்குச் சொல்லிக்கொடுத்த அதே மூச்சுதான், இங்கேயும் உதவுகிறது.

முப்பது எண்ணிய பிறகும் வலிக்கிறது, ஐந்து நிமிடம் கழித்தும் வலிக்கிறது, குழந்தை விடும்வரை வலிக்கிறது என்றால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இதுதான் பிரச்சினை, காரணமும் ஒன்றுதான்: குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது, மார்பைப் பிடிக்கவில்லை. ஏன் வலிக்கிறது என்பதை உங்கள் வாயிலேயே பார்க்கலாம். நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அப்படியே உள்ளே நகர்த்துங்கள். முதலில் கெட்டியாக, வரிவரியாக இருக்கும். பின்னால் போகப் போக ஓர் இடத்தில் மெத்தென்று ஆகும். குழந்தையின் வாயில் காம்பு நுனி அந்த மெத்தென்ற இடத்தை ஒட்டிப் போய்ச் சேர வேண்டும். குழந்தை குடிக்கும்போது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இது தெரிந்திருக்கிறது. அவ்வளவு உள்ளே போகாமல் முன்பகுதியிலேயே நின்றுவிட்டால், கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் காம்பு நசுங்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும் பச்சிளங்குழந்தை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நசுங்கினால் மூன்றே நாளில் தோல் வெடிக்காமல் என்ன செய்யும்?

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, குழந்தை விட்டவுடன் காம்பைப் பார்ப்பது. உருண்டையாக, கொஞ்சம் நீண்டு வெளியே வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக்கின் முனை போல ஒரு பக்கம் சாய்வாகச் சீவியது மாதிரி இருந்தால், அல்லது நடுவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், உள்ளே நசுங்கியிருக்கிறது. குடிக்கும்போது கன்னம் குழி விழாமல் உப்பலாக இருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். சொடக்குப் போடுகிற மாதிரி சத்தம் வந்தால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம்.

பிடிக்க வைப்பது எப்படி என்று எழுதிக் காட்டுவது சைக்கிள் ஓட்ட எழுதிக் காட்டுவது மாதிரிதான், இருந்தாலும் முயல்கிறேன். முதலில் நீங்கள் வசதியாகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாது, அது எப்படிக் குடிக்கும்? வாய்க்கு நேராகக் காம்பை வைக்காதீர்கள், மூக்குக்கு நேராக வையுங்கள். அப்போதுதான் அது தலையை லேசாக நிமிர்த்தி, தாடையை முன்னால் கொண்டுவந்து, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். அந்தத் திறப்பு வரும்வரை காத்திருங்கள். வந்தவுடன் தோள்பட்டையில் கைவைத்துக் குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது, அழுத்தினால் அது முரண்டுபிடித்துப் பின்னுக்குத் தள்ளும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போக வேண்டும், மேல்பகுதி கொஞ்சம் வெளியே தெரியலாம். வலி அடங்கவில்லையா, இழுத்துப் பிடுங்காமல் வாயோரத்தில் சுத்தமான விரலை நுழைத்து அந்த உறிஞ்சலை உடைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவை பால் கொடுப்பதற்குள் நாலு தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும். குழந்தை அழும், பக்கத்தில் இருப்பவர்கள் "பாவம் குடிக்கட்டும் விடு" என்பார்கள். விடாதீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இதில் பாதி செய்வதே கஷ்டம். தையலின் மேல் எடை விழாமல் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போலப் பக்கவாட்டில் வைத்தோ கொடுக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு வலிக்காது என்று நினைக்காதீர்கள். என் முதல் குழந்தை பிறந்தபோது நான் நாலு வருட சர்வீஸ் போட்டிருந்தேன், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன். நாலாம் நாள் இரண்டு காம்பும் வெடித்து ரத்தம். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லக் கூச்சம். கடைசியில் வயதான சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். "நீ குனிஞ்சு அவன் வாயில கொண்டுபோய்த் திணிக்கிற. நிமிர்ந்து சாஞ்சுக்கோ, அவன உன்கிட்ட வரவிடு" என்றார். அதே வாக்கியத்தை நான் அந்த மாதம் மட்டும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! தன் மார்பைத் தானே மேலிருந்து குனிந்து பார்க்கிறவருக்கு, குழந்தையின் கீழுதடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். நான் சொல்வதைப் படித்துவிட்டால் போதும் என்று நானே சொல்லமாட்டேன்.

வெடித்துவிட்டால் என்ன போடுவது என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ஆனால் அது இரண்டாம்பட்சம். பிடியைச் சரிசெய்யாமல் களிம்பு போடுவது, செருப்பில் ஆணி இருக்க காலுக்கு மருந்து போடுவது போல. முன்பு சொன்ன அந்தத் தொகுப்பாய்வில், லனோலின் களிம்பு போட்டவர்களைவிட எதுவும் போடாதவர்களும், தன் பாலையே தடவி உலரவிட்டவர்களும் எந்த விதத்திலும் மோசமாகிவிடவில்லை. லனோலின் போட்டால் இதமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் தடுப்பதில்லை. உடை ஒட்டி உரசாமல் இருக்க உதவும். சோப்பு போட்டுக் கழுவுவது வேண்டாம், வறண்டு இன்னும் வெடிக்கும். பாலில் கொஞ்சம் ரத்தம் கலந்து குழந்தை கக்கினாலும் பயப்பட வேண்டாம், அது உங்கள் ரத்தம்தான், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி போல ரத்தத்தில் பரவும் தொற்று இருப்பவர்கள் மட்டும் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். காம்பிலோ சுற்றியோ நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அது பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து, அந்தப் பக்கம் கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இனி மார்பு முழுவதும் வலிக்கும் வலி. முதல் இரண்டு நாள் வருவது சீம்பால், அளவு கொஞ்சம்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரசரவென்று இறங்கும். அதன் பிறகு, சுமாராக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், பால் நிறையச் சுரக்கத் தொடங்கும். அப்போது மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், விண்விண்ணென்று தெறிக்கும். இந்தப் பால்கட்டு முழுக்கப் பால் மட்டும் என்று நினைக்கிறார்கள். அதில் ரத்த ஓட்டத்தாலும் நீர்கோத்துக்கொள்வதாலும் வரும் வீக்கமும் சேர்ந்திருக்கிறது. பிரசவத்தின்போது டிரிப் நிறைய ஏறியவர்களுக்கு வீக்கம் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், கருவட்டமும் இறுகிக் காம்பு தட்டையாகிவிடும். நேற்றுவரை நன்றாகப் பிடித்த குழந்தைக்கு இன்று பிடி கிடைக்காது, நுனியை மட்டும் கடிக்கும். கொடுப்பதற்கு முன் காம்பின் அடியைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். நீர் பின்னுக்குப் போய் அந்த இடம் மட்டும் இளகும், குழந்தைக்குக் கவ்வ இடம் கிடைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் நான் சொல்லிக்கொடுக்கிறவற்றில் இதற்குத்தான் அதிக நன்றி கிடைத்திருக்கிறது. கொடுத்த பிறகு குளிர்ந்த ஒத்தடம் வைக்கலாம். பால்கட்டு பெரும்பாலும் ஓரிரு நாளில் தளரும்.

பால் இறங்கும்போது சிலருக்கு மார்பில் ஊசி குத்துவது போல, கால் மரத்துப்போய்த் திரும்பும்போது வருவது போல ஒரு குறுகுறுப்பு வரும். பலருக்கு எதுவுமே தெரியாது. இரண்டும் சரிதான், எதுவும் தெரியாததால் பால் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. அடிவயிற்றில் பிடித்து இழுக்கிற வலி இன்னொன்று: குழந்தை உறிஞ்சும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பாலையும் இறக்கும், கருப்பையையும் சுருக்கும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இது முதல் பிரசவத்தைவிடப் பலமாக இருக்கும், சில நாளில் போய்விடும். அதே ஆக்ஸிடோசின் பற்றி இன்னொரு விஷயம், "பல்லைக் கடித்துக்கொண்டு கொடு" என்று சொல்பவர்களுக்காக. 1948-இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் என்ற தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். பால் கொடுக்கும் தாயின் காலைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது, கட்டைவிரலை வலிக்க இழுப்பது என்று தொந்தரவு கொடுத்துவிட்டு, குழந்தை குடித்த அளவை எடை போட்டுப் பார்த்தார்கள். வலித்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் மறுபடி கூடியது. சோதிக்கப்பட்டது ஒரே ஒரு தாய், அதனால் இதை வைத்துப் பெரிய கணக்குப் போட முடியாது. ஆனால் வலியும் பதற்றமும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பது அதற்குப் பிறகும் வலுப்பட்டிருக்கிறது. வலியைக் குறைப்பது தாய்க்கு மட்டும் சலுகை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

குடித்து முடித்த பிறகு வரும் வலி கொஞ்சம் தந்திரமானது. குழந்தை விட்டதும் காம்பு வெள்ளையாக வெளுக்கிறது, பிறகு நீலமாகி, சிவந்து, அப்போது எரிச்சலும் குத்தலும் வருகிறது. குளித்துவிட்டு வெளியே வந்தாலோ குளிர்காற்று பட்டாலோ அதிகமாகிறது. இது ரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது. குளிரில் விரல்நுனி வெளுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நசுங்குவதாலும் தூண்டப்படும் என்பதால் இங்கேயும் முதலில் பிடியைத்தான் பார்க்க வேண்டும். விட்டவுடன் உள்ளங்கையாலோ வெதுவெதுப்பான துணியாலோ மூடிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நிஃபெடிபின் என்ற மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுப்பார். இதை ஏன் தந்திரமானது என்கிறேன் என்றால், எங்கள் தலைமுறை இதைப் பார்த்ததும் "பூஞ்சை" என்று சொல்லிக் களிம்பைக் கையில் கொடுத்து அனுப்பியது. மார்புக்குள் சுருக் சுருக்கென்று குத்தும் வலிக்குக் கேண்டிடா பூஞ்சைதான் காரணம் என்று நான் படித்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது மருத்துவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், உங்கள் காம்பில் பளபளப்பான சிவப்பு, அரிப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால் பூஞ்சைக்கு வைத்தியம் செய்வது நியாயம். வலி மட்டும் இருந்து வேறு எந்த அடையாளமும் இல்லையென்றால், ஒரு களிம்பு கேட்கவில்லை என்று அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்காமல், வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு வாதம் நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு பற்றியது. சில குழந்தைகளுக்கு அது குட்டையாக, இறுக்கமாக இருக்கும். நாக்கை நீட்டவோ தூக்கவோ முடியாது. அதனால் காம்பு நசுங்கும். இதெல்லாம் நிஜம். அந்தச் சவ்வை லேசாக வெட்டிவிட்டால் தாயின் காம்பு வலி, குறைந்தபட்சம் ஆரம்ப நாட்களில், குறைகிறது என்று 2017-இல் வந்த காக்ரேன் ஆய்வு சொன்னது. ஆனால் அது அலசியது ஐந்தே சோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகளை; குழந்தை குடிப்பது மேம்பட்டதா என்பதில் ஒரே மாதிரி முடிவு கிடைக்கவில்லை. 2024-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமியும், இது தேவைக்கு மேல் வெட்டப்படுகிறது என்ற கவலையோடுதான் எழுதியது. என் கருத்தைக் கேட்டால்: நாக்கு அசைவதைச் சோதித்து, பால் கொடுப்பதை ஒரு தடவை முழுக்கப் பார்த்து, பிடியைத் திருத்திப் பார்த்து, அதற்குப் பிறகும் வலித்தால் வெட்டலாம். வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் கத்தரிக்கோலை எடுக்கிறவரிடம் இன்னொருவரையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

குடிக்காத நேரத்திலும் வலிக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ஓரிடம் சிவந்து கெட்டியாக இருக்கிறது, காய்ச்சல், உடம்புவலி என்றால் மார்பு அழற்சி. இங்கே நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பல வருடம் நான் சொல்லிக்கொடுத்தது: சுடச்சுட ஒத்தடம் கொடு, கட்டியை நன்றாக அழுத்தித் தேய், பம்ப் வைத்துச் சொட்டுப் பாக்கியில்லாமல் எடு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டல் அதைத் தலைகீழாக்கியது. உள்ளே இருப்பது வீக்கம். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். அளவுக்கு மீறி எடுத்தால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும். இப்போது சொல்வது: வழக்கம்போலக் கொடுங்கள், கூடுதலாக எடுக்க வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஓய்வு. நான் தேய்த்துவிட்டவர்களில் எத்தனை பேருக்கு அதனாலேயே அதிகமானதோ தெரியாது. கொடுப்பதை அந்த நேரத்தில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அழற்சி இருக்கும் பக்கத்துப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு நாளில் குறையாத சிவப்பு, தொட்டால் உள்ளே நீர் ததும்புவது போன்ற கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், சீழ் பிடித்திருந்தால் ஊசியால் எடுப்பார்கள். மருந்து முடிந்தும் சிவப்போ கட்டியோ போகவில்லையென்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அரிதுதான், ஆனால் வேறு நோய்கள் பால்கட்டு வேஷத்தில் வரக்கூடும்.

வலிமாத்திரை போட்டால் பாலில் போய்விடும் என்று பயந்து வலியோடு படுத்திருப்பவர்கள் ஏராளம். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பாலில் போவது மிகக் கொஞ்சம், சாதாரண அளவில் எடுக்கலாம்; அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா போல ஏதாவது இருந்தால் இபுபுரூஃபனுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த மாத்திரை வேண்டாம். சிலரின் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறிப் பால் வழியே குழந்தையின் மூச்சைப் பாதிக்கக்கூடும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கோடீனுக்கும் டிரமடால் என்ற இன்னொரு வலிமருந்துக்கும் இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது.

எல்லாம் செய்தும் ஒரு பக்கம் தொடவே முடியவில்லை என்றால், ஓரிரு நாள் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கையாலோ பம்பாலோ மெதுவாக எடுத்துக் கொடுக்கலாம். பம்பிலும் புனல் அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும். காம்பு புனலின் சுவரில் உரசினால் புனல் சின்னது, கருவட்டமும் சேர்ந்து உள்ளே போனால் புனல் பெரியது. ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் குழந்தை விழித்துக்கொள்வதை நினைத்துப் பயந்து நடுங்கியவர்கள், வேறு பால் சேர்த்தோ முழுக்க மாறியோ நிம்மதியடைந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். பல் முளைத்ததும் கடிக்குமே என்று உங்கள் அடுத்த பயம் வரும். கடித்தால் பின்னால் இழுக்காதீர்கள், ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் தேடித் தானே வாயைத் திறக்கும். சில தடவையில் பழகிவிடும்.

இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். துண்டால் காம்பைத் தேய்த்து உரமேற்றச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், வலியைத் தடுப்பதாகக் காட்டப்படவில்லை. காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தாலும் இப்போது இழுத்துவிட வேண்டாம். குழந்தை மார்பைப் பிடிப்பதுதான் முக்கியம், அப்படிக் காம்பு உள்ளவர்களில் பலர் நன்றாகவே கொடுக்கிறார்கள். புண்ணாகாமல் இருக்க முதல் நாள் ஐந்தைந்து நிமிடம் மட்டும் கொடு என்ற பழைய யோசனையையும் மறந்துவிடலாம். பிடி தவறாக இருந்தால் இரண்டு நிமிடத்திலேயே புண்ணாகும், சரியாக இருந்தால் அரைமணி நேரமானாலும் ஆகாது. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு ஏற்பாடு. பிரசவமாகப் போகும் இடத்தில், பால் கொடுக்க உதவ யார் இருக்கிறார்கள், ராத்திரியில் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், தொடக்கத்திலிருந்து குழந்தை தானாக விடும்வரை ஒரு தடவை முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், விட்டதும் காம்பின் வடிவத்தையும் காட்டுங்கள். எட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் குடிக்குது" என்று போகிறவர் போதாது. வார்டில் எங்களுக்கு எப்போதும் அவசரம்தான், முகம் சுளிப்போம். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.